அண்ணனின் கைக்காக நரம்புப் பொறியியல் படிக்கலாமா?

வாசகரின் கடிதம்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி ஆகியவற்றை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறார். அப்பா மளிகைக் கடை நடத்துகிறார். இருபத்தேழு வயது அண்ணன் மூன்று ஆண்டுகளுக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர். தோளை உயர்த்துவார், முழங்கையை மடக்குவார், மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குவார். விரல்களால் டம்ளரைப் பிடிக்க முடியாது, கால்களில் அசைவில்லை. மூளையில் சில்லு பொருத்திக்கொண்ட அமெரிக்க இளைஞர் ஒருவர், கையை அசைக்காமலே கணினியில் செஸ் ஆடும் காணொளியைப் பார்த்த நாளிலிருந்து, நரம்பு மண்டலத்தோடு கருவிகளை இணைக்கும் நரம்புப் பொறியியல்தான் தன் துறை என்று இவர் முடிவு செய்திருக்கிறார்.

கையில் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, பயிற்சி நிறுவனம் ஒன்று நடத்தும் முப்பது நாள் ஆன்லைன் இன்டர்ன்ஷிப். கட்டணம் 18,000 ரூபாய்; முடிவில் சான்றிதழும் ஒரு செயற்கை நுண்ணறிவு ப்ராஜெக்டும் உண்டு. மற்றொன்று, சென்னையில் அரசு உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் ஆய்வகம். மே, ஜூன் மாதங்களில் எட்டு வாரம், உதவித்தொகை கிடையாது, விடுதிச் செலவு சொந்தம். இருபத்திரண்டு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியதில் பதில் எழுதியவர் அந்த ஆய்வகத்தின் பேராசிரியர் ஒருவர்தான். தசை மின்னலைப் பதிவுகளை (தசை இயங்கும்போது எழும் மின் அலைகளின் பதிவுகளை) சுத்தம் செய்வதும், பதிவு எடுக்கும்போது ஆய்வு மாணவருக்கு உதவுவதும் வேலை என்று சொல்லியிருக்கிறார்.

“இது கிளார்க் வேலை போலத் தெரிகிறது. இதில் என்ன கற்றுக்கொள்வேன்? உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வருமா? ஜூலையில் கேம்பஸ் நேர்காணல் தொடங்குகிறது. சம்பளமில்லாத வேலை எதற்கு என்கிறார் அப்பா. தனியாகச் சென்னையிலா என்று அம்மா பயப்படுகிறார். பத்து நாளில் பேராசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும்” என்று கேட்டிருக்கிறார். ஆன்லைனில் வாங்கிய சென்சாரையும் தசைத் தூண்டல் கருவியையும் விடுமுறையில் அண்ணன் கையில் வைத்துப் பார்க்கப் போவதாகக் கடைசியில் ஒரு வரி.

ஆலோசனை

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவை பத்து நாள் காத்திருக்கும், இது காத்திருக்காது.

அந்தத் தூண்டல் கருவியை அண்ணன் உடலில் வைக்காதீர்கள்

நான் மருத்துவர் அல்ல, உயிர்மருத்துவப் பொறியாளர். ஆனால் தண்டுவடம் அடிபட்டவர்களோடு வேலை செய்யும் எந்த ஆய்வகத்திலும் முதல் நாளே சொல்லித் தரும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, அண்ணனின் தோலில் உணர்ச்சி முழுமையாக இருக்காது. ஒட்டிய பட்டை ஓரத்தில் பிய்ந்து, மின்னோட்டம் சிறிய இடத்தில் குவிந்து தோல் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. நீங்கள் பார்ப்பதற்குள் கொப்புளம் வந்திருக்கும். அசைவில்லாத உடலில் ஒரு சிறு புண் ஆற எத்தனை மாதம் ஆகும் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது இன்னும் கடுமையானது. மார்புத் தண்டுவடத்தின் ஆறாவது கணுவிலோ, அண்ணனைப் போல அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே உடலை உறுத்தும் எதுவும் இரத்த அழுத்தத்தைத் திடீரென்று உச்சத்துக்கு ஏற்றிவிடலாம். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பையும் மலச்சிக்கலும்தான் காரணமாகும், மின்தூண்டலும் காரணமாகலாம். தலை வெடிப்பது போன்ற வலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை அறிகுறிகள். எப்போது அப்படி நேர்ந்தாலும் அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பக்கவாதம் வரை போகக்கூடிய நிலை அது. மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் இதே மின்தூண்டலைப் பயன்படுத்துகிறார்கள்தான். ஆனால் பக்கத்தில் இரத்த அழுத்தமானியை வைத்துக்கொண்டு, அளவு பார்த்துச் செய்கிறார்கள்.

சென்சாரை உங்கள் கையிலேயே ஒட்டிப் பாருங்கள், அதில் தவறில்லை. அப்போது லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிடுங்கள். உடலோடு கம்பி இணைந்திருக்கும்போது சுவர் மின்சாரத்தோடு எந்த வழியிலும் தொடர்பு இருக்கக் கூடாது. இதை இன்றிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது என்றால் என்ன

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆய்வகத்துக்குப் போங்கள். 18,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பதிவுகளைச் சுத்தம் செய்வது’ என்ற சொல் உங்களைத் தவறான பக்கம் இழுத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஆய்வகத்தில் உங்கள் வயதுப் பெண் ஒருவர் பயிற்சிக்கு வந்திருந்தார். இடது தோள் தசையில் மின்முனைகளை (மின் அலையை எடுக்கும் சிறு பட்டைகளை) ஒட்டிப் பதிவு எடுத்தவர், மறுநாள் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். கையைத் தளர்வாக வைத்திருக்கும்போதும் தசை சீரான இடைவெளியில் துடிக்கிறது, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை, இது ஏதோ அனிச்சைச் செயலாக இருக்குமோ என்று கேட்டார். அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணச் சொன்னேன். இருபது விநாடியில் அவர் முகம் மாறியது. தோளில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதயத்தின் மின்துடிப்பு. அதை அன்று மாலைக்குள் பதிவிலிருந்து பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டார். தசை எது, இதயம் எது, சுவரிலிருந்து வரும் மின்சாரம் எது என்று பிரித்தறிவதுதான் இந்தத் துறையின் அரிச்சுவடி. ஆன்லைன் வகுப்புகளில் பெரும்பாலும் உங்களுக்குத் தருவது யாரோ ஏற்கெனவே எடுத்து வைத்த பதிவுகளைத்தான்.

தசை மின்னலையில் பயனுள்ள பகுதி ஏறத்தாழ 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது குறுக்கீடு, வேண்டிய அலைக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த அலைவரிசையை வடிகட்டியால் வெட்டினால் இரைச்சல் போகும். தசையின் உண்மையான அலையும் கொஞ்சம் போகும். எனவே அனுபவமுள்ளவர் வடிகட்டியைத் தொடுவதற்கு முன் எழுந்து போய் எர்த் கம்பியைப் பார்ப்பார், மின்முனைக்கு அடியில் தோல் சரியாகத் துடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார், பக்கத்தில் செருகியிருக்கும் போன் சார்ஜரைப் பிடுங்குவார். இந்த வரிசையைப் புத்தகம் சொல்லும். அந்த நேரத்தில் எதை முதலில் பார்ப்பது என்ற கைப்பழக்கம், பதிவு எடுப்பவரின் பக்கத்தில் நின்றால்தான் வரும்.

மூளை மின்னலையில் இது இன்னும் நுட்பமானது. இதயத்தின் அலை தோலில் சுமார் ஒரு மில்லிவோல்ட் என்றால், தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலை அதன் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். நம் ஊரில் பதிவுக்கு வருகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டுதான் வருவார்கள். பரிசோதனைக்குப் போகிறோம் என்று அன்று கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருப்பார்கள். அந்தத் தேங்காய் எண்ணெய்க்கு மேல் ஜெல்லை எவ்வளவு வைத்தாலும் மின்மறுப்பு (தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடை) இறங்காது. முந்தின நாளே தொலைபேசியில் பேசி, தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். வயதான பாட்டியிடம் பூவையும் கொண்டை ஊசியையும் எடுத்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் முடியை விலக்கித் தோலைத் துடைத்து ஜெல் வைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு, கண்ணை மூடுங்கள் அம்மா என்று சொல்கிறீர்கள். திரையில் தலையின் பின்பக்கத்து மின்முனைகளில் விநாடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் அலை எழுகிறது. கண்ணைத் திறந்ததும் அடங்குகிறது. முதல் முறை இதைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்க மாட்டீர்கள்.

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இந்த அலையை மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தது 1924இல். கட்டுரையாக வெளியிட்டது 1929இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் அவருக்கு ஒரே சந்தேகம்: இது மூளையிலிருந்துதான் வருகிறதா, தோலிலிருந்தா, இரத்த ஓட்டத்திலிருந்தா? மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டே இருந்தார். வெளியிட்ட பிறகும் பலர் நம்பவில்லை. கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் மேத்யூஸும் 1934இல் தாங்களே பதிவு செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் உலகம் ஏற்றது. அந்த ஐந்து ஆண்டுகள் பெர்கர் செய்ததைத்தான் உங்கள் பேராசிரியர் எட்டு வாரத்துக்கு உங்களைச் செய்யச் சொல்கிறார்.

ஆன்லைன் ப்ராஜெக்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய பயிற்சிகளில் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பதிவுத் தொகுப்புகளை. ஃபிசியோநெட் என்ற இணையதளத்தில் 109 பேரிடமிருந்து 64 மின்முனைகளில் எடுத்த மூளை மின்னலைப் பதிவுகள் இருக்கின்றன. இடக்கையை அசைப்பதாக நினைத்தல், வலக்கையை அசைப்பதாக நினைத்தல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அருமையான தொகுப்பு. பணம் கட்டாமல் நீங்களே இன்று இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய பதிவைத் துண்டு துண்டாக நறுக்கி, பாதித் துண்டுகளில் நிரலைப் பழக்கி, மீதித் துண்டுகளில் சோதித்தால் மதிப்பெண் வானுயரம் போகும். நிரல் கற்றுக்கொண்டது எல்லோருக்கும் பொதுவான கை அசைவை அல்ல, அந்த ஒருவரின் பதிவுக்கே உரிய தன்மைகளை. பதிவில் இல்லாத புதிய ஒருவரிடம் அதே நிரலை வைத்தால் விழுந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சோதனையில் காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி விடை சரியாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தக் கேள்விகளை உங்களிடம் கேட்க ஓர் ஆள் வேண்டும். ஆய்வகத்தில் அந்த ஆள் இருக்கிறார்.

உயிரியல் தெரியாதே என்ற கவலை

இது உங்களுக்குத் தேவையில்லாத பயம். 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையை வைத்து, நரம்புத் துடிப்பு எப்படி உண்டாகிறது என்று கணக்கிட்டு எழுதினார்கள். 1963இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கணக்கை அவர்கள் எழுதிய வடிவம் ஒரு மின்சுற்று. நரம்பின் சவ்வு ஒரு மின்தேக்கி, சோடியம், பொட்டாசியம் போகும் வழிகள் மாறும் மின்தடைகள், இரு பக்கமும் உள்ள அயனி வேறுபாடு பேட்டரி. இரண்டாம் ஆண்டில் நீங்கள் போட்ட கணக்குதான் இது. மருத்துவம் படித்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். உங்களுக்கு இது சொந்த வீடு.

மே மாதத்துக்குள் மாதிரியெடுத்தல், ஃபூரியர் உருமாற்றம், வடிகட்டிகள், கருவிப் பெருக்கி ஆகிய பாடங்களைத் தூசி தட்டுங்கள். தேர்வுக்காகப் படித்ததை இப்போது ஓர் அலைக்காகப் படியுங்கள். பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து வரைபடம் போடும் அளவுக்குப் பழகினால் போதும். நரம்பு, தசை பற்றிய அடிப்படைக்கு, ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன.

பேராசிரியரிடம் கேட்க வேண்டியவை

ஒப்புக்கொள்வதாக எழுதும் மின்னஞ்சலிலேயே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். நல்ல ஆய்வகத்தில் இப்படிக் கேட்கும் மாணவரைத்தான் விரும்புவார்கள்.

தினமும் என் பக்கத்தில் யார் இருப்பார்? நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். பேராசிரியர் வாரம் ஒரு முறை பார்ப்பார். உங்கள் எட்டு வாரத்தின் தரத்தைத் தீர்மானிப்பவர் அந்த ஆய்வு மாணவர். மே, ஜூனில் அவர் ஊரில் இருக்கிறாரா, அவருக்கே ஆய்வேடு சமர்ப்பிக்கும் நெருக்கடியா என்று தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஒரு முறை அவரோடு போனில் பேசுங்கள்.

ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? மனிதர்களிடம் பதிவு எடுக்கும் ஒவ்வோர் ஆய்வுக்கும் அது வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. பங்கேற்பவர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்களையே பதிவுக்கு உட்காரச் சொன்னால், விருப்பம் இருந்தால் மட்டும் உட்காருங்கள். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பங்கேற்பவர்களின் பதிவும் படமும் அவர்களுடைய உடலின் அந்தரங்கம். உங்கள் போனுக்கோ வாட்ஸாப்புக்கோ அவை வரக் கூடாது.

கட்டுரையில் பெயர் வருமா என்பதைப் பொறுத்தவரை, எட்டு வாரத்தில் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு கட்டுரை பதிவிலிருந்து அச்சுக்கு வர ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஆகும். ஆய்வின் சிந்தனையிலோ பகுப்பாய்விலோ பொருட்படுத்தத்தக்க பங்கு, எழுத்தில் பங்கு, முடிவுக்குப் பொறுப்பேற்றல் எல்லாம் இருந்தால்தான் ஆசிரியர் பட்டியலில் இடம். நன்றியுரையில் பெயர் வருவது நேர்மையான அங்கீகாரம். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது வேறு இரண்டு: நீங்கள் எழுதிய நிரலில் உங்கள் பெயர் இருக்கட்டும், வாராவாரம் நீங்கள் செய்ததைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி ஆய்வு மாணவரிடம் காட்டுங்கள். பின்னாளில் பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம் அந்த நோட்டிலிருந்துதான் வரும். ‘நல்ல மாணவி’ என்று எழுதிய கடிதத்தை யாரும் படிப்பதில்லை. ‘தோள் பதிவிலிருந்து இதயத் துடிப்பைப் பிரிக்கும் நிரலைத் தனியாக எழுதினார்’ என்ற ஒரு வரி, மேற்படிப்பு விண்ணப்பத்தில் சான்றிதழ்க் கட்டைவிட எடை கூடியது.

அப்பாவிடமும் அம்மாவிடமும்

அப்பாவின் கேள்வி நியாயமானது. சம்பளமில்லாத எட்டு வாரம் என்பது மளிகைக் கடைக் குடும்பத்துக்குச் சிறிய விஷயம் அல்ல. உழைப்பு வாங்கும் இடம் கொஞ்சமாவது பணம் தர வேண்டும் என்பதே என் கருத்து. பல இடங்களில் தருவதில்லை என்பது வருத்தமான உண்மை. உதவித்தொகைக்கு வழி உண்டா என்று ஒரு முறை கேளுங்கள். இல்லையென்றால் நிறுவன விடுதியில் மாணவர் கட்டணத்தில் அறை கிடைக்குமா என்று கேளுங்கள். ஆன்லைன் பயிற்சிக்கு எடுத்து வைத்திருந்த தொகை அங்கே பெரிதும் கைகொடுக்கும். இதைப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைக்கால உதவித்தொகைத் திட்டமும் இரண்டு மாத ஆய்வகப் பயிற்சிக்குப் பணம் தருகின்றன. கோடைக்கு வெகு முன்பே விண்ணப்பிக்க வேண்டியவை, தேதியைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

கேம்பஸ் நேர்காணலுக்கு இது இடையூறு ஆகாது. ஜூன் 30க்குள் முடித்துக்கொள்வதாக இப்போதே எழுதிவிடுங்கள். மாலை நேரத்தில் நேர்காணலுக்குத் தயாராகுங்கள். மருத்துவக் கருவி நிறுவனமோ எம்பெடெட் நிறுவனமோ உங்களை அழைத்தால், உண்மையான ஒரு மனித உடலிலிருந்து நீங்களே எடுத்துச் சரிசெய்த ஓர் அலையைப் பற்றி அரை மணி நேரம் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களையும், ஊதியமில்லாமல் வேலை செய்பவர்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது. சம்பளம் இல்லை என்பதால் புகார் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. நிறுவனத்தின் உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சேர்ந்த முதல் நாளே பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு தனியாக ஆய்வகத்தில் தங்க வேண்டிய வேலை உண்டா என்றும் கேளுங்கள். அசல் மதிப்பெண் பட்டியல்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும். முடிந்தால் சேரும் நாளில் அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர் அந்த அறையையும் அங்கு வேலை செய்யும் பெண்களையும் நேரில் பார்க்கட்டும்.

அண்ணனைப் பற்றி

கடைசியாக இதை எழுதுகிறேன். இதுதான் கடினமானது.

நீங்கள் காணொளியில் பார்த்த நோலண்ட் ஆர்பாவுக்கு நியூராலிங்க் நிறுவனத்தின் சில்லு பொருத்தப்பட்டது 2024 ஜனவரியில். முடியைவிட மெல்லிய 64 நூல்களில் 1,024 மின்முனைகள். சில வாரங்களிலேயே நூல்கள் பல மூளைத் திசுவிலிருந்து பின்வாங்கின. மென்பொருளை மாற்றி அமைத்துச் சமாளித்தார்கள். அவர் நினைத்தபோது திரையில் கர்சர் நகர்ந்தது. அவருடைய கை நகரவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆய்வாளர்கள் கூர்டினும் பிளோக்கும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மூளையிலிருந்து தண்டுவடத்துக்குக் கம்பியில்லாப் பாலம் அமைத்து ஒருவரை நடக்க வைத்தார்கள். அவருடைய தண்டுவடம் முழுதாக அறுபட்டதல்ல, அவர் முன்பே ஆண்டுக்கணக்கில் தண்டுவடத் தூண்டலோடு பயிற்சி பெற்றவர், இது ஒரே ஒருவரின் கதை. இரண்டுமே பெரிய சாதனைகள். எட்டு வாரப் பயிற்சியோ எட்டு ஆண்டுப் படிப்போ முடித்து நீங்கள் வந்து அண்ணனை நடக்க வைப்பீர்கள் என்ற வாக்குறுதியை அவருக்கும் கொடுக்காதீர்கள், உங்களுக்கும் கொடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அண்ணன் போன்றவர்களுக்காகவே ஒரு கருவி இருந்தது தெரியுமா? அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் உருவான ஃப்ரீஹேண்ட். முன்கைத் தசைகளில் மின்முனைகளைப் பதித்து, எதிர்த் தோளின் அசைவால் விரல்களை மூடவும் திறக்கவும் வைத்தது. 1997இல் அங்கே அரசு அனுமதி பெற்றது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அதைக் கொண்டு முள்கரண்டி பிடித்தார்கள், எழுதினார்கள். சில ஆண்டுகளில் தயாரித்த நிறுவனம் சந்தையிலிருந்து விலகிவிட்டது. கருவி வேலை செய்தது. அதைத் தாங்கும் வணிகம் இல்லை. உடலுக்குள் கருவி வைத்திருந்தவர்கள் உதிரி பாகத்துக்கு அலைந்தார்கள். நரம்புப் பொறியாளராக வர விரும்புகிறவர் மின்முனையைப் படிப்பதோடு இந்தக் கதையையும் படிக்க வேண்டும்.

இன்று அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் பாருங்கள். மணிக்கட்டைத் தூக்க முடிகிறவர்களில் சிலருக்கு, வேலை செய்யும் தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் இழையை) இடம் மாற்றித் தைத்து விரல் பிடிமானம் கொண்டுவரும் அறுவை சிகிச்சை உண்டு. தொழுநோயில் மடங்கிய கைகளுக்கு அதே வகை நாண் மாற்றத்தை வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் செய்துகாட்டினார். அங்கேயே டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அந்த அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அங்கே மறுவாழ்வு மையம் அமைந்ததும் அவருடைய முயற்சியால்தான். அண்ணனின் மணிக்கட்டு அசைவு போதுமா, இந்தச் சிகிச்சைக்கு அவர் ஏற்றவரா என்று மறுவாழ்வு மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டிக் கேளுங்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வுக்கான சோதனையில் கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உங்கள் ஊருக்கு எட்டும் தூரமாக இருந்தால் அண்ணனோடு ஒரு நாள் போய் வாருங்கள்.

2004இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கிம் ஆண்டர்சன், தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடம் எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை அதிகம் மேம்படும் என்று கேட்டார். கழுத்தில் அடிபட்டவர்கள் முதலிடம் கொடுத்தது கைக்கும் புஜத்துக்கும். நடப்பது முதலிடத்தில் இல்லை. நாம் அனைவரும் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் கடிதத்தில் அண்ணன் என்ன கேட்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு அவரிடம் கேளுங்கள். டம்ளரைத் தானே எடுத்துக் குடிப்பதா, போனைத் தானே தொடுவதா, யாரையும் கூப்பிடாமல் திரும்பிப் படுப்பதா, எது முதலில் வேண்டும்? அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாளை காலை பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பத்தாவது நாள் வரை காத்திருக்க வேண்டாம், அந்த இடத்துக்கு வேறு யாராவது கேட்டிருக்கக்கூடும்.